மாதம் 1,350 ரிங்கிட்டுக்கு வெளிச்சன்னல் இல்லாத ‘ஸ்டூடியோ’: இடையில் காலி செய்தால் வைப்புத்தொகை போய்விடுமா?

தஞ்சோங் மாலிம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பம் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டது. வாசகி கோலாலம்பூர் சென்ட்ரல் அருகே ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வேலை செய்கிறார். கைக்கு வரும் சம்பளம் 2,900 ரிங்கிட். கடந்த ஜனவரியில் ‘ஸ்டூடியோ’ என்று விளம்பரம் செய்யப்பட்ட ஓர் அறையை மாதம் 1,350 ரிங்கிட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை 2,700, தண்ணீர் மின்சாரத்திற்கு 675, முதல் மாத வாடகை 1,350 என உள்ளே நுழையவே 4,725 ரிங்கிட் ஆயிற்று. அதில் பெரும்பகுதி அப்பாவின் சேமநிதிப் பணம்.

குடியேறிய பிறகுதான், அது தனி வீடன்று, ஒரு பெரிய கொண்டோ வீட்டைப் பலகைத் தடுப்புகளால் ஆறாகப் பிரித்ததில் ஒன்று என்று தெரிந்திருக்கிறது. பத்தடிக்குப் பதினான்கு அடி அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே கை நீட்டினால் பாத்திரம் கழுவும் தொட்டி. இருக்கும் ஒரே சன்னல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நடைபாதையைப் பார்த்துத் திறக்கிறது. மே மாதம் கட்டடத்தின் நுழைவு அட்டை வேலை செய்யாமல் போனது. வாசல் கிரில்லில் நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பைப் படித்தபோது, பராமரிப்புக் கட்டணம் பல மாதங்களாகக் கட்டப்படவில்லை என்பதும், அதில் உரிமையாளர் என்று அச்சிடப்பட்டிருந்த பெயர் தம்முடைய ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர் அன்று என்பதும் தெரிந்தன. இதற்கிடையில், அறையை வாடகைக்கு விட்டவர் வரும் ஆகஸ்டு முதல் 150 ரிங்கிட் கூட்டித் தர வேண்டும் என்கிறார். ‘ஏர்கோன் பார்க்க’ என்று சொல்லி இவர் இல்லாத நேரத்தில் மாற்றுச் சாவியால் உள்ளே வந்து போயிருக்கிறார். எதிர்த்துக் கேட்டதற்குப் பூட்டை மாற்றிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார்.

அம்மா வீட்டுக்கே வந்துவிடு என்கிறார். அப்பா, போட்ட காசு வீணாகாமல் வருடம் முடியும்வரை பொறுத்துக்கொள் என்கிறார். தோழி ஒருவர், ஒப்பந்தத்தில் முத்திரை இல்லாததால் அது செல்லாது, இன்றைக்கே வெளியேறலாம் என்கிறார். இன்னொருவர், கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் வைப்புத்தொகையில் கழித்துக்கொள், தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போ என்கிறார். கடிதத்தின் முடிவில் வாசகி இப்படிக் கேட்கிறார்: “அப்பா ஓய்வு பெற்றபோது மேனேஜர் சொன்ன தேதியில் லயத்தைக் காலி செய்தோம். வீட்டுக்காரர் சொன்னால் நானும் போய்விடத்தானே வேண்டும்?”

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது அதுதான். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டி வந்தது. அதற்கு நீங்கள் வாடகைப் பணம் எண்ணிக் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதே நம் பெற்றோர் கண்ட நடைமுறை. எத்தனையோ குடும்பங்கள் ஒரு கடிதத்தைக் கண்டதும் கேள்வி கேட்காமல் சாமான்களை லாரியில் ஏற்றியிருக்கின்றன. அது நியாயமாக நடந்ததா என்பது தனியே பேச வேண்டிய விஷயம். ஆனால் அந்தப் பழக்கத்தைக் கோலாலம்பூர் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அங்கே நீங்கள் யாருடைய தயவிலும் தங்கியிருக்கவில்லை. பணம் கொடுத்து, காலவரை குறித்து, கையெழுத்திட்டு ஓர் இடத்தைப் பெற்றிருக்கும் வாடகைதாரர் நீங்கள். வாடகைக்கு விட்டவரை ஒப்பந்தம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறதோ அதே அளவுக்கு உங்களையும் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறுவதும் தவறு, மிரட்டலுக்கு அஞ்சி வெளியேறுவதும் தவறு என்கிறேன்.

கடிதத்தில் ஓரிடத்தில் ‘வாடகைச் சட்டப்படி’ என்று எழுதியிருக்கிறீர்கள். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. அப்படி ஒன்றைக் கொண்டுவருவது பற்றி அரசாங்கம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. உங்கள் அப்பாவின் தலைமுறை அறிந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முந்திய பழைய கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதுவும் 1997இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வாடகை இவ்வளவுதான் இருக்க வேண்டும், வைப்புத்தொகை இத்தனை மாதத்துக்கு மேல் கூடாது என்று சொல்லும் விதி இல்லை. இருப்பவை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், வேறு சில பொதுச் சட்டங்களும், உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாள்களும்தான். எனவே அந்தத் தாள்களை இன்றிரவே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள்.

அறையை உங்களுக்கு விட்டவர் யார்?

வாடகை உயர்வைவிடவும் எனக்குக் கவலை தருவது கிரில்லில் ஒட்டியிருந்த அந்தப் பெயர்தான். உரிமையாளரிடமிருந்து முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, தடுப்புப் போட்டு, ஒவ்வோர் அறையையும் ‘ஸ்டூடியோ’ என்று உள்வாடகைக்கு விடுவது தலைநகரில் இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் அதில் குற்றமில்லை. சம்மதம் இல்லையென்றால் உங்கள் நிலை பலவீனமானது. உங்களுக்கு ஒப்பந்தம் இடையில் நிற்பவரோடுதான். உரிமையாளரோடு எதுவும் இல்லை. இடைநிலைக்காரர் உரிமையாளருக்கு வாடகை கட்டாமல் விட்டு, அவருடைய ஒப்பந்தம் முறிந்துபோனால், நீங்கள் மாதந்தோறும் தவறாமல் கட்டியிருந்தும் அந்த அறையில் நீடிக்கும் உரிமை ஆட்டம் காணும். வைப்புத்தொகையையும் உரிமையாளரிடம் கேட்க முடியாது. வாங்கியவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

நுழைவு அட்டை முடக்கப்பட்டதும் இதோடு சேர்ந்த விஷயமே. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாத உரிமையாளரின் மின்னணு அட்டையைக் கட்டட நிர்வாகம் முடக்கலாம். அந்தக் கட்டுப்பாடு அவருடைய வாடகைதாரருக்கும் பொருந்தும் என்று அந்த விதியே சொல்கிறது. எனவே ‘நான் வாடகை கட்டுகிறேன், என் அட்டையை எப்படி முடக்கலாம்’ என்று காவலாளியிடமும் நிர்வாக அலுவலகத்திலும் சண்டையிடுவதில் பயனில்லை. ஆனால் அதே அலுவலகம் உங்களுக்கு ஒரு கதவைத் திறக்கும். அறிவிப்பைக் கிழித்துப் போடாமல் படமெடுத்து வையுங்கள். நீங்கள் அங்கே குடியிருப்பவர் என்பதை அலுவலகத்தில் பதிவு செய்து, உரிமையாளருக்கு ஒரு கடிதம் தந்தால் அனுப்பிவைக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடல் செய்தாலும் உரிமையாளர் பெயர் உறுதியாகும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வீடு ஆறாகப் பிரிக்கப்பட்டதே உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்த மாதமே அவர் இடைநிலைக்காரரை வெளியேற்ற முனைந்தால் நீங்களும் உங்கள் பக்கத்து அறைக்காரர்களும் அதில் அகப்படுவீர்கள். ஆகவே, போய்த் தங்க ஓர் இடம் கைவசம் இருந்த பிறகே உரிமையாளருக்கு எழுதுங்கள்.

முத்திரை இல்லையென்றால் ஒப்பந்தம் செல்லாதா?

உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அது சரியன்று. முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது என்றுதான் 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் சொல்கிறது. அது செல்லாது என்று சொல்லவில்லை. தாமதமாகவும் தண்டம் கட்டி முத்திரை பெறலாம். பெற்றவுடன் அது முழுமையான சான்றாகிவிடும், உங்களுக்கும் சரி அவருக்கும் சரி.

ஓராண்டு அல்லது அதற்குக் குறைந்த காலத்துக்கான வாடகை ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் வரி. முதல் 2,400 ரிங்கிட்டுக்கு முன்பிருந்த விலக்கு 2025 ஜனவரி முதல் இல்லை. உங்கள் ஆண்டு வாடகை 16,200 ரிங்கிட், எனவே வரி 65 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதம் கடந்துவிட்டதால் தண்டமாக 100 ரிங்கிட் அல்லது வரியில் 20 விழுக்காடு, இரண்டில் எது கூடுதலோ அது சேரும். ஆக ஏறத்தாழ 165 ரிங்கிட். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே இதைச் செய்யலாம். உங்கள் வைப்புத்தொகையான 3,375 ரிங்கிட்டைக் கேட்கும் உரிமை அந்தத் தாளில்தான் இருக்கிறது என்பதால், இந்த 165 ரிங்கிட்டை வீண்செலவாக நினைக்க வேண்டாம். நான் உங்களைச் செய்யச் சொல்லும் முதல் வேலை இதுதான்.

உயர்வு, மாற்றுச் சாவி, பூட்டு

குறித்த காலத்துக்கு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், இடையில் வாடகையை உயர்த்தலாம் என்று ஒரு பிரிவு இருந்தாலொழிய, ஒருவர் மட்டும் முடிவு செய்து உயர்த்த முடியாது. அப்படிப் பிரிவு இல்லையென்றால் டிசம்பர் முடியும்வரை 1,350 ரிங்கிட்டையே வங்கி வழியாக, தேதி தவறாமல், ‘ஆகஸ்டு மாத வாடகை’ என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ‘சரி, பார்க்கலாம்’ என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் அனுப்பினால், நாளைக்கு அதையே சம்மதம் என்று காட்டுவார். ஒப்பந்தப்படியே கட்டுவேன் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

நீங்கள் இல்லாதபோது உள்ளே நுழைவது பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சிறிய விஷயமாகத் தெரியவில்லை. வாடகைக்கு விட்ட இடத்தை வாடகைதாரர் இடையூறின்றி அனுபவிக்க விட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் அதில் அடங்கிய கடமை என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பழுது பார்க்க வருவதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, நீங்கள் இருக்கும் நேரத்தில் வர வேண்டும் என்று இன்றைக்கே எழுதுங்கள். இரவில் உட்புறத் தாழ்ப்பாளைப் போடுங்கள். மறுபடியும் நுழைந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். ‘இது சிவில் விவகாரம்’ என்று அங்கே சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் புகாரின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பூட்டை மாற்றும் மிரட்டலுக்கு வருகிறேன். 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: வாடகைக் காலம் முடிந்துபோன பிறகும் ஒருவர் வெளியேறாமல் இருந்தால்கூட, நீதிமன்ற நடவடிக்கை வழியாக அல்லாமல் அவரிடமிருந்து இடத்தை மீட்கக் கூடாது. காலம் முடிந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், இன்னும் ஆறு மாதம் மீதமிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், சட்டம் உங்கள் பக்கம் இருப்பதால் ஓர் இரவு மூடிய கதவு தானாகத் திறந்துவிடாது. நீதிமன்றத்தை அணுக நாளாகும், செலவாகும். ஆகவே பிறப்புப் பத்திரம், கல்விச் சான்றிதழ்கள், கடப்பிதழ், கொஞ்சம் நகை இருந்தால் அதுவும், இந்த வார இறுதியில் அம்மா வீட்டுக்கு வந்துவிடட்டும்.

அறை சிறியது என்பது குற்றமன்று

‘இவ்வளவு சிறிய அறையை வாடகைக்கு விடுவதே சட்டவிரோதம்தானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி ஒரு குடியிருப்பின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3க்கும், மற்றவை 6.5க்கும் குறையக் கூடாது. உங்கள் அறை குளியலறையோடு சேர்த்து ஏறத்தாழ 13 சதுர மீட்டர். அளவை வைத்து வாதாடினால் நிற்காது.

சன்னலை வைத்து வாதாடினால் நிற்கும். குடியிருக்கும் ஒவ்வோர் அறைக்கும் இயற்கை வெளிச்சத்திற்காகத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னலும், காற்று தடையின்றி வர 5 விழுக்காட்டுக்குக் குறையாத திறப்பும் வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் அறைக்கு அது ஏறத்தாழ 14 சதுர அடிச் சன்னல். உள் நடைபாதையைப் பார்த்துத் திறக்கும் சன்னலில் வெளிச்சமும் வராது, காற்றும் வராது. இதைத் தவிர, கட்டடத்துக்குள் இப்படித் தடுப்புப் போடக் கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகத்தின் அனுமதியும் கட்டட நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு உள்ள கவலை நெருப்பைப் பற்றியது. ஆறு அறை, ஆறு அடுப்பு, பல நீட்டிப்பு மின்கம்பிகள், வெளியேற ஒரே வாசல், அந்த வாசலிலும் பூட்டிய கிரில். கிரில் பூட்டின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் கைப்பையில் இருந்தால் போதாது. உட்புறம், கதவை ஒட்டி, இருட்டிலும் கை எட்டும் இடத்தில் ஓர் ஆணியில் ஒரு சாவி எப்போதும் தொங்க வேண்டும். மற்ற ஐந்து அறைக்காரர்களிடமும் இதைப் பேசுங்கள். மாநகராண்மைக் கழகத்திடம் புகார் செய்வது உங்கள் உரிமை. ஆனால் தடுப்புகளை அகற்ற உத்தரவு வந்தால் அந்த ஐந்து பேரும் ஒரே வாரத்தில் தெருவுக்கு வரக்கூடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

வைப்புத்தொகை: எது கிடைக்கும், எது கிடைக்காது

கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் கழித்துக்கொள்வது ஊரெங்கும் நடக்கிறது. நடக்கிறது என்பதால் அது உரிமையாகிவிடாது. வைப்புத்தொகை வேறு, வாடகை வேறு. வாடகை நிலுவை வைத்தால் ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். 12 மாதம் வரையிலான பாக்கிக்கு, 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி (Distress Act) நீதிமன்ற ஆணை பெற்று வீட்டிலுள்ள பொருள்களை ஜப்தி செய்யவும் வாடகைக்கு விட்டவருக்கு வழியிருக்கிறது. இப்போது குறை முழுவதும் எதிர்த் தரப்பில் இருக்கிறது. அதை நீங்களாகக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணமின்றிப் பாதியில் வெளியேறினால் 2,700 ரிங்கிட் பறிபோகும் என்று ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். அந்தப் பிரிவு செல்லுமா என்பதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு பொருந்தும்: ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். முன்பெல்லாம் தொகையைப் பிடித்து வைத்தவர் தம் இழப்பை நிரூபிக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். 2018இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் மேல் விழுகிறது. ஆகவே இரண்டு மாத வாடகையைப் பிடித்து வைப்பது நியாயமற்றது என்று நீதிமன்றம் எளிதில் சொல்லிவிடும் என நம்பி வெளியேறாதீர்கள். அதே நேரத்தில், மீதியுள்ள ஆறு மாத வாடகையான 8,100 ரிங்கிட்டையும் தா என்று அவர் கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. இழப்பைக் குறைக்க அவரும் முயன்றாக வேண்டும். அடுத்த மாதமே வேறொருவரைக் குடிவைத்துவிட்டு உங்களிடமும் வாடகை கேட்க முடியாது.

ஆனால் உங்கள் வழக்கு ‘காரணமின்றி வெளியேறுதல்’ அன்று. தம்மை உரிமையாளர் என்று சொல்லி, தடுத்த அறையைத் தனி ஸ்டூடியோ என்று காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம், 19ஆம் பிரிவுகள் பேசும் தவறான தகவலுக்குள் வரக்கூடும். அப்போது ஒப்பந்தத்தை ரத்து செய்யும் தேர்வு உங்களுக்கு உண்டு. இதில் இரண்டு இடையூறுகள் இருக்கின்றன. அறையை நேரில் பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்று எதிர்வாதம் வரும். உண்மை தெரிந்த பிறகும் பேசாமல் மாதக்கணக்கில் இருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எனவே அந்த விளம்பரத்தின் படம் உங்கள் தொலைபேசியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்; முடிவை டிசம்பர்வரை தள்ளாதீர்கள்.

675 ரிங்கிட் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். அது தண்ணீர், மின்சாரப் பாக்கிக்காக வைத்தது. பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கழிப்பதானால் பில்லைக் காட்டித்தான் கழிக்க வேண்டும்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நிலம், கட்டட உரிமை சார்ந்த விவகாரங்களுக்குப் பயனீட்டாளர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. அங்கே மனு கொடுத்து, பிறகு அதிகாரவரம்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் உங்களுக்குக் காலவிரயம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை உங்களுக்கு ஏற்றது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே 198ஆம் பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். உங்களுடையது 3,375 ரிங்கிட், வரம்புக்குள் அடங்குகிறது. ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும், ஆளும் முகவரியும் மாறிப்போவதற்குள் செய்துவிடுவது நல்லது.

எங்கே போவது?

அப்பாவின் கணக்கை நான் மதிக்கிறேன். அது அவர் உழைத்துச் சேர்த்த பணம். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். உடன் வேலை செய்யும் பெண்கள் எடுத்திருக்கும் வீட்டில் 650 ரிங்கிட்டுக்கு ஓர் அறை காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 700 ரிங்கிட் மிச்சம். ஆறு மாதத்தில் 4,200. வைப்புத்தொகை முழுவதுமே திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் நட்டப்படவில்லை. பொறுத்துக்கொள்வதில்தான் நட்டம் அதிகம். அதற்கு மேல், உறக்கமும் பாதுகாப்பும் இருக்கின்றன. அவற்றை நான் ரிங்கிட்டில் சேர்க்கவில்லை. புது அறைக்கான வைப்புத்தொகைக்குச் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், எப்போதும் எடுக்க அனுமதி உண்டு. தேவைக்கு மேல் எடுக்காதீர்கள்.

சக ஊழியர் ஒருவர் சொன்ன 600 ரிங்கிட் பிபிஆர் வீடு வேண்டவே வேண்டாம். மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளின் அதிகாரப்பூர்வ வாடகை மாதம் 124 ரிங்கிட். அதைப் பெற்றவர் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதியில்லை. சோதனை வந்தால் வீட்டை இழப்பவர் அவர். சாமானோடு வெளியே நிற்பவர் நீங்கள். அந்த வீட்டுக்காக எங்கோ ஒரு குடும்பம் விண்ணப்பித்துக் காத்திருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

அம்மா சொல்வது போல வீட்டுக்கே திரும்புவதை நீங்கள் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அதையும் ஒரு வழியாக எடை போடுங்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து கொமூட்டர் ரயில் நேராகக் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு வருகிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். தினமும் போய் வருவது உடம்புக்கு ஆகாது; ராவாங்கிற்கு வடக்கே ரயில்களும் அடிக்கடி இல்லை, 50 ரிங்கிட் மாதாந்தரப் பயண அட்டை கொமூட்டருக்குச் செல்லாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்ற நிலை வந்தால் கணக்கு மாறும். 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் நெகிழ்வு கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கணக்கியல் வேலையில் பெரும்பகுதியைக் கணினியில் வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

என் கருத்தைக் கேட்டால், 650 ரிங்கிட் அறைக்கு இடம் மாறுவதையும், அதற்குள் நெகிழ்வு விண்ணப்பத்தை அனுப்பி வைப்பதையும் சொல்வேன். புது அறையிலும் உரிமையாளர் யார், அவர் சம்மதம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

அதற்கு முன் இடைநிலைக்காரருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலிலும் புலனத்திலும் அனுப்புங்கள். உள்வாடகைக்கு விட உரிமையாளர் தந்த சம்மதத்தின் நகல், 14 நாளுக்குள் நுழைவு அட்டையைச் சரிசெய்வது, அனுமதியின்றி நுழையாமை ஆகிய மூன்றையும் கேளுங்கள். இவை முடியாதென்றால் இருவரும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், வைப்புத்தொகையைத் திருப்பித் தரவும் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம்; நாளைக்கு அந்தக் கடிதத்தை ஒரு மாஜிஸ்திரேட் படிக்கக்கூடும். ‘வேறு ஆளைக் கொண்டுவந்தால் காசு தருகிறேன்’ என்று அவர் சொன்னால், வரும் பெண்ணிடம் சன்னலையும் அட்டையையும் மறைக்காதீர்கள். எழுதுவதில் தயக்கமிருந்தால், மாநில வழக்கறிஞர் மன்றங்களின் சட்ட உதவி மையத்தில் வருமானத் தகுதியைப் பார்த்து உதவுவார்கள்.

வெளியேறும் நாளில் தனியாகப் போகாமல் அப்பாவையோ ஒரு தோழியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அறையைச் சுற்றி ஒரு காணொளி எடுத்து, மின்சார மீட்டரின் எண்ணைப் படமெடுத்து, சாவியைப் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ஒரு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட மறுத்தால், சாவியை அவரிடம் கொடுக்கும் படத்தோடு அதே வரியைப் புலனத்தில் அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பித் தர ஒப்பந்தத்தில் எத்தனை நாள் குறித்திருக்கிறதோ, அது அந்த நேரத்திலிருந்து கணக்காகும். அந்த நாள் முடிந்த மறுநாளே 198ஆம் பாரத்தை நிரப்பத் தொடங்கலாம்.